பட்டு எடுத்தாச்சா? அப்படியே ஆற்றங்கரைக்கும் போயிட்டு வாங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏனாத்தூர் பக்கம் போனால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த அப்பா, அம்மா. கையில் கட்டைப்பை. அதற்குள் முறுக்கு, ஊறுகாய் பாட்டில், துவைத்து மடித்த போர்வை. பிள்ளையைக் கண்டதும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஏன்டா இப்படி இளைச்சிட்டே?" அப்பா கேட்கும் முதல் கேள்வி, "அரியர் எத்தனை?"

அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் என்ன செய்வது? காஞ்சிபுரம் டவுனுக்குள் போய் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று பகல் 12 மணிக்கு நடை சாத்துவதற்குள் ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். ஒரு ஹோட்டலில் சாப்பாடு. ஒரு கடையில் பட்டு. மூன்று மணிக்கு ஊர் திரும்பும் பஸ். "காஞ்சிபுரம் பார்த்தாச்சு" என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால், அவர்கள் பார்த்தது பாதி காஞ்சிபுரம்தான். மீதிப் பாதி ஆற்றங்கரையில் இருக்கிறது.

"காஞ்சிபுரத்தில் ஆறா?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆறு, ஒன்றல்ல, மூன்று. தாமல் பக்கமிருந்து கிளம்பி ஊரை உரசிக்கொண்டு போகிறது வேகவதி. ஊருக்குத் தெற்கே அகலமான மணல் படுகையோடு பாலாறு. இன்னும் தெற்கே, ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் செய்யாறு. மூன்றும் சந்திக்கும் இடத்துக்குத் திருமுக்கூடல் என்று பெயர். ஏனாத்தூரிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டில் என்ட்ரே ரியோஸ் என்று ஒரு மாகாணம் உண்டு. அந்த ஸ்பானியப் பெயருக்கு 'ஆறுகளுக்கு நடுவே' என்று பொருள். ஒரு பக்கம் பரானா ஆறு, மறுபக்கம் உருகுவே ஆறு. அங்கே சுற்றுலா என்றாலே ஆறுதான். கோடை வந்தால் ஆற்றுமணலில் குடை நட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஆற்றங்கரை ஊரான குவாலேகுவாய்ச்சுவில் நடக்கும் கார்னிவல் நாடு முழுக்கப் பிரசித்தம். அங்கே யதாய் என்று ஒரு பனை வகை. அந்தத் தோப்பு அழிந்துவிடக் கூடாது என்று 1966-ல் உருகுவே ஆற்றை ஒட்டி ஒரு தேசியப் பூங்காவே அமைத்துவிட்டார்கள்.

நம் காஞ்சிபுரமும் 'ஆறுகளுக்கு நடுவே' உள்ள ஊர்தான். பனைமரங்களும் நம்மிடம் குறைவில்லை. ஆனால், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னலைத் திறந்து பார்ப்பவர்களே அபூர்வம்.

ஏனாத்தூரிலேயே ஆரம்பிப்போம். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகா வித்யாலயா இங்கேதான் இருக்கிறது. வளாகத்தில் ஆதிசங்கரரின் உயரமான சிலை. ஓலைச்சுவடிகளும் உள்ள பெரிய நூலகம். வெளியாட்கள் வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. பிள்ளை அங்கே படிப்பவன் என்றால், "எங்க லைப்ரரியைக் காட்டுடா" என்று கேட்டுப் பாருங்கள். அவன் அதற்குள் போயிருக்கிறானா என்பதும் தெரிந்துவிடும்!

அங்கிருந்து காஞ்சிபுரத்தின் மேற்குக் கோடிக்கு. கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டியது. மதிலை ஒட்டி வரிசையாக 58 குட்டிச் சன்னிதிகள். அவற்றில் சிலவற்றில் பழைய ஓவியங்களின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது; டார்ச் வேண்டாம், கண்ணைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டால் போதும். பெரிய கோயில்களில் நெரிசலில் நின்றவர்களுக்கு இங்கே புல்தரையில் உட்கார்ந்தால் மூச்சு திரும்பி வரும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, வேகவதியின் கரையில், திருப்பருத்திக்குன்றம். பழைய ஆட்கள் ஜைன காஞ்சி என்பார்கள். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டினார். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியம். தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை, கட்டம் கட்டமாக, இப்போதைய படக்கதை மாதிரி. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கழுத்து வலிக்கும் வரை பார்ப்பார்கள்.

கோயிலைவிட்டு வெளியே வந்தால் வேகவதியையும் பார்க்கத்தான் வேண்டும். புராணத்தில் இவள் சாதாரண நதி இல்லை. பிரம்மா தன்னை விட்டுவிட்டு யாகம் செய்கிறார் என்று கோபம்கொண்ட சரஸ்வதி, ஆறாகப் பெருகி யாகசாலையை அடித்துப் போக வந்தாளாம். பெருமாளே குறுக்கே படுத்து அணைபோட்டாராம். காஞ்சிபுரத்தில் திருவெஃகா என்ற தலத்தில் யதோக்தகாரியாக அவர் சயனித்திருப்பது அந்தக் கோலத்தில்தான். அப்படி ஓடிவந்தவள் இன்று பல இடங்களில் ஊரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஊர்கிறாள். கரையில் ஆக்கிரமிப்பு, தண்ணீரில் ஆகாயத்தாமரை. பெருமாள் அணைபோட்டும் நிற்காத ஆற்றை பாலித்தீன் பை நிறுத்திவிட்டது என்று உள்ளூர்க்காரர்கள் கிண்டலாகச் சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பட்டுக்கும் ஆற்றுக்கும் உறவு உண்டு. பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு அந்தப் பளபளப்பு வரும் என்பது நெசவுத் தெருக்களில் காலம் காலமாக உள்ள நம்பிக்கை. நீரில் உள்ள உப்பா, கைப்பக்குவமா என்று விவாதிக்கலாம். ஆனால், பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடைக்கு முன்னால் பிள்ளையார்பாளையம் போல ஒரு நெசவுத் தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போவது உத்தமம். தறிச்சத்தம் காதில் விழும். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, வரிக்கு வரி ஒன்றோடொன்று கோர்த்து நெய்ய வேண்டும். தறியில் இருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் துணைக்கு உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். பெரும்பாலும் அது வீட்டு அம்மாதான். 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை இது. விலைச் சீட்டைப் பார்த்து "இவ்வளவா?" என்று கேட்பதற்கு முன் அந்த இரண்டு ஜோடிக் கைகளைப் பார்த்துவிட்டால் பேரம் பேசும் தொனி கொஞ்சம் மாறும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு யோசனை. கோயில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் சேர்த்து வேகவைப்பது. உருளையாக இருக்கும், வெட்டித்தான் தருவார்கள். வரதராஜர் கோயில் பிரசாதமாகப் பிறந்தது. முதல் கடியில் பிடிக்காதவர்கள்கூட மூன்றாவது துண்டைக் கேட்டு வாங்குவார்கள்.

சாப்பிட்டாச்சு. இப்போதுதான் முக்கியமான இடத்துக்குப் போகிறோம்.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு சாலையில் வாலாஜாபாத் தாண்டினால் பழையசீவரம். அரக்கோணம் - செங்கல்பட்டு ரயில் பாதையில் இதற்கு ஸ்டேஷனே இருக்கிறது. ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸிலோ காரிலோ போவது சுலபம். ஊரில் ஒரு சிறு குன்று. மேலே லட்சுமி நரசிம்மர் கோயில். படிகளில் ஏறித் திரும்பிப் பார்த்தால் கீழே பாலாறு முழுசாகத் தெரியும்.

2019-ல் அத்தி வரதரைப் பார்க்க ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காஞ்சிபுரம் திணறியது நினைவிருக்கும். வந்தவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. 1979-க்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளியவர், அடுத்து 2059-ல்தான். அந்த அத்தி வரதர் குளத்துக்குள் போனபோது, மூலஸ்தானத்தில் வைக்கக் கற்சிலை வடிவில் ஒரு வரதர் தேவைப்பட்டார். அவர் வந்தது இந்தப் பழையசீவரத்திலிருந்து என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த உறவை மறக்காமல் ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் இங்கே வருகிறார். மலையேறி நரசிம்மர் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு, இறங்கி, பாலாற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகிறார். அத்தி வரதருக்காக விடிய விடிய வரிசையில் நின்ற கூட்டத்தில் அந்த மலைக்கும் போனவர்கள் எத்தனை பேர்?

எதிர்க்கரைதான் திருமுக்கூடல். பாலத்தைக் கடந்தால் போதும். ஆற்றை ஒட்டி அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பல்லவர் காலக் கல்வெட்டும் உண்டு. ஆனால், இங்கே நின்று பார்க்க வேண்டியது சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. சுமார் 1069-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அதில் என்ன இருக்கிறது? ஒரு ஆஸ்பத்திரி!

ஆதுலர் சாலை என்று பெயர். 'ஆதுலர்' என்றால் நோயாளிகள். படுக்கைகள் 15. நோய்க்கு மருந்து கொடுக்க ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சைக்குத் தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இரண்டு பேர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் சம்பளம் என்ன என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, இரவு முழுக்க எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதும் உண்டு. மருந்துகளின் பட்டியல் இருபதை நெருங்குகிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று பெயர் பெயராக. ஒரு வருடத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு. "மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கங்க" என்று அங்கே யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆஸ்பத்திரியோடு ஒரு கல்விச் சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. வேதமும் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஹாஸ்டல் பையன்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், படிக்க விளக்கு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். ஏனாத்தூர் ஹாஸ்டல் வாசலில் நிற்கும் அம்மா கேட்கும் இரண்டாவது கேள்வி என்னவாக இருக்கும்? "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறியா இல்லியா?" அந்தக் கவலையைத் தொள்ளாயிரத்து ஐம்பது வருடங்களுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இப்படி ஒரு கல்வெட்டு வேறு நாட்டில் இருந்திருந்தால், வாசலில் டிக்கெட் கவுன்டரும், அதைச் சுற்றி நூறு பேருக்கு வேலையும் இருந்திருக்கும். இங்கே விசேஷ நாள் தவிர மற்ற நாட்களில் ஆள் நடமாட்டம் குறைவு. வருகிறவர்கள் குறைவு என்பதால் கடை இல்லை. கடை இல்லை என்பதால் வருகிறவர்கள் குறைவு. தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் வாலாஜாபாத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

கோயிலிலிருந்து வெளியே வந்து ஆற்றைப் பாருங்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு ஆறுகள் தெரியும். கோடையில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மணலும், மணல் அள்ளிய பள்ளங்களும், முள்செடிகளும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஆந்திரா வழியாக 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் அருகே கடலில் கலக்கும் ஆறு இது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இதன் தண்ணீரைப் பற்றி 1892-லேயே சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. தகராறு இன்னும் தீரவில்லை.

ஆனால், மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஆறு ஓடுகிறது. தாம்பரம், பல்லாவரம் பகுதிக் குழாய்களில் பல காலமாக வருவது பாலாற்றுப் படுகைத் தண்ணீர்தான். அந்தப் பக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் தினமும் குடிக்கும் ஆற்றை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. மணலைக் கொள்ளை அடித்தால் அந்த ஊற்றும் போய்விடும். லாரியில் போகும் மணல் யாருடையது என்று கேட்க வேண்டியவர்கள் ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர்கள் மட்டும்தானா?

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும் போனால் காட்சி வேறு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, அதுவரை வெறும் மணலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். பாட்டிமார்கள் தேங்காய், பூ, மஞ்சள் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல மழை பெய்த வருடங்களில் பழையசீவரம் தடுப்பணைப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும். நாரை, கொக்கு எல்லாம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் தெரியாது. இறங்கிக் குளிப்பது வேண்டவே வேண்டாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால், அல்லது இன்னொரு ஞாயிறு கிடைத்தால், உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை. ஊருக்கு 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது! அந்த வரியை யாராவது படித்துச் சொல்லும்போது சுற்றுலா வந்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள். அப்படியே வடக்கு, தெற்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் சிரிக்கிறார்கள். பெண்களுக்கும், நிலம் இல்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

ஏரிகளைக் கவனிக்க அந்த ஊரில் ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்தது. தண்ணீர் விஷயத்தை மற்ற வேலைகளோடு கலந்து விடவில்லை.

நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

சித்திரையில் வருபவர்களுக்கு வேறொரு விருந்து. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு. நடந்து இறங்கும் வாவி. தரைக்கு அடியில் தூண் மண்டபமும், அதற்குள் கிணறும். வருடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும். சித்ரா பௌர்ணமிக்காகத் தண்ணீரை இறைத்துவிட்டு, வரதரைப் படியிறக்கி உள்ளே எழுந்தருளப் பண்ணுவார்கள். இரவில் அவர் அங்கிருந்து பாலாற்று மணலுக்குப் போவார். நிலா வெளிச்சத்தில் மணலில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி. அர்ஜென்டினாக்காரர்கள் ஆற்றுமணலில் குடை நடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் சாமி ஆற்றுமணலுக்கு வந்துவிட்டார்.

முதல்முறை போகிறவர்களுக்கு மாட்டுப் பொங்கல்தான் சரியான நாள். அன்று திருமுக்கூடலில் காஞ்சி வரதர், பழையசீவரம் நரசிம்மர், திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசர் ஆகியோரோடு சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வந்து சேர்ந்து, ஐந்து பேராகக் காட்சி தருவார்கள். கரும்பு, பலூன், சுடச்சுடப் பஜ்ஜி என்று கரை முழுக்கத் திருவிழா. ஹாஸ்டலுக்கும் பொங்கல் லீவு. பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போவதற்குப் பதில், அந்த ஒரு வருடம் குடும்பமே இங்கே வந்துவிடலாம். பாலத்தில் வண்டி நகராது என்பதால் பழையசீவரத்திலேயே நிறுத்திவிட்டு, பாட்டியைக் கைப்பிடித்து நடந்தே ஆற்றைக் கடந்துவிடுங்கள்.